காணாமற்போனவரும் காத்திருக்கும் சபையும்

மரணத்தை எதிர்கொள்ளத் திருச்சபை அறிந்திருக்கிறது. ஒருவர் மரித்தால் கோயில் மணி ஒலிக்கிறது. சபையார் துக்க வீட்டில் கூடுகின்றனர். அடக்க ஆராதனைக்கென்று வகுக்கப்பட்ட ஒழுங்கின்படி வேதவாசகமும் மன்றாட்டும் நடைபெறுகின்றன. கல்லறைத் தோட்டத்தில் மண் இடப்படுகிறது. வீட்டார் என்ன செய்யவேண்டும், அயலார் என்ன சொல்லவேண்டும் என்பதை ஊர் வழக்கமே கற்பித்துவிடுகிறது. ஆனால், காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஒருவர் மாலையில் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை, ஆண்டுகள் பல சென்றும் அவர் உயிரோடிருக்கிறாரா என்பது தெரியவில்லை. இத்தகைய வீட்டின் வாசலில் ஆயர் எந்த ஒழுங்கு நூலைக் கையிற்கொண்டு நிற்பார்?

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், கன்னியாகுமரி மாவட்டக் கடலோரச் சிற்றூர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அவர்களில் பலருடைய உடல்களும் கிடைக்கவில்லை. இலங்கைப் போரில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டமாக அமர்ந்தனர். இவை பலர் ஒருங்கே காணாமற்போன நிகழ்ச்சிகள். அங்கே ஒரு தாயின் கண்ணீரை அடுத்த வீட்டுத் தாய் அறிவாள். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இன்னும் தனிமையான நிலையாகும். ஒரு சபையில் ஒரே ஒருவர் காணாமற்போகிறார். வழக்கு துப்புத் துலங்காமல் நிற்கிறது. மற்ற எல்லாருடைய வாழ்வும் முன்போல் நடக்கிறது. அக்குடும்பத்தோடு அச்சபை எவ்வாறு வாழ்வது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

நம் முடிவை முதலிலேயே கூறிவிடலாம். அக்குடும்பத்தின் காத்திருத்தலை முடித்துவைக்கும் அதிகாரம் திருச்சபைக்குக் கொடுக்கப்படவில்லை. அக்காத்திருத்தலைப் பகிர்ந்து சுமக்கும் கடமையே கொடுக்கப்பட்டிருக்கிறது.

1. இவ்விழப்பின் இயல்பு

அமெரிக்கக் குடும்பவியல் அறிஞர் போலீன் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை ஆராயத் தொடங்கினார். அவ்வாய்விலிருந்து அவர் உருவாக்கிய கருத்தை நாம் தமிழில் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். 1999-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதனை இருவகையாகப் பிரிக்கிறார். ஒருவர் உடலால் இல்லாமல், வீட்டாரின் உள்ளத்தில் இருப்பது ஒருவகை. காணாமற்போனோரின் குடும்பங்கள் இவ்வகையின. உடலால் இருந்தும் நினைவாலும் உணர்வாலும் விலகிப்போய்விடுவது மற்றொருவகை. முதுமையில் வரும் மறதிநோய் இதற்கு எடுத்துக்காட்டு.

மேய்ப்புப்பணிக்கு அவர் ஆய்வில் மூன்று செய்திகள் சிறப்பாகப் பயன்படும். முதலாவது, இக்குடும்பத்தார் நோயாளிகள் அல்லர்; அவர்கள் நிற்கும் நிலைமையே இயல்புக்கு மாறானது. ஆண்டுகள் சென்றும் அழுகை ஓயவில்லை என்பதற்காக அவர்களுடைய விசுவாசத்தையோ மனவலிமையையோ நாம் குறைகூறல் ஆகாது. இரண்டாவது, 'இறந்திருக்கக் கூடும். திரும்பி வரவும் கூடும்' என்னும் இரு நினைவுகளையும் ஒருங்கே உள்ளத்தில் தாங்கக் கற்றுக்கொள்வோரே பிழைத்து வாழ்கின்றனர். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி அவர்களை நெருக்குவது கொடுமையாகும். மூன்றாவது, ஒரே வீட்டில் ஒருவர் நம்பிக்கையை விட்டிருப்பார், மற்றவர் விடாதிருப்பார். ஒருவரையொருவர் துரோகி என்று எண்ணி அக்குடும்பம் உடைவதுண்டு. இழப்பினால் வந்த துயரத்தைக் காட்டிலும் இப்பிளவு சில வேளைகளில் பெரிதாகிவிடுகிறது.

நம் நாட்டுக் குடும்பங்களில் இது எவ்வுருவில் வெளிப்படும் என்பதை எண்ணிப் பார்ப்போம். கணவன் காணாமற்போன மனைவி தாலி அணிந்திருப்பதா, கழற்றுவதா? மகனுடைய பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் பெயருக்குமுன் 'காலஞ்சென்ற' என்று எழுதுவதா? மகளின் திருமண அழைப்பிதழில் தந்தையின் பெயரை எவ்வாறு அச்சிடுவது? குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்குவதா? வாடகை வீட்டை மாற்றினால், திரும்பி வருகிறவர் எங்கே தேடுவார்? சுவரிலுள்ள படத்துக்கு மாலை இட்டால் இறந்தார் என்று அறிவித்ததாகும். இடாவிட்டால் பைத்தியக்காரத்தனம் என்று உறவினர் பேசுவர். பிறருக்கு அற்பமாகத் தோன்றும் இக்காரியங்கள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும். தாமே தம்மவருக்கு மரணத்தீர்ப்பு எழுதினோம் என்னும் குற்ற உணர்வுக்கு அவர்கள் அஞ்சுகின்றனர்.

2. யாக்கோபு ஆறுதலை மறுத்தது ஏன்?

திருமறையில் காணாமற்போன மகனின் வரலாறு ஒன்று விரிவாகக் கூறப்பட்டிருக்கிறது. யோசேப்பு பதினேழு வயதில் தந்தையை விட்டுச் சென்றான் (ஆதி. 37:2), முப்பதாம் வயதில் பார்வோனுக்குமுன் நின்றான் (41:46), ஏழு செழிப்பான ஆண்டுகளும் இரண்டு பஞ்ச ஆண்டுகளும் கடந்தபின் தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்தினான் (45:6). ஆகவே யாக்கோபு ஏறக்குறைய 22 ஆண்டுகள் மகனைப்பற்றிய மெய்யான செய்தி ஏதுமின்றி வாழ்ந்தான்.

இரத்தம் தோய்ந்த அங்கியைக் கண்டபோது, மகனைத் துஷ்டமிருகம் பட்சித்தது என்ற முடிவுக்கு யாக்கோபு வந்தான். ஆயினும் குமாரர் குமாரத்திகள் எல்லாரும் எழுந்து ஆறுதல் சொன்னபோது அவன் ஆறுதலடைய மறுத்தான் (37:35). பழைய யூத விளக்கவுரையாளர் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்பினர்: இறந்தோருக்காக அழுவோர் காலப்போக்கில் ஆறுதல் பெறுகின்றனரே, யாக்கோபு ஏன் பெறவில்லை? இறந்தோர் நாளடைவில் நெஞ்சிலிருந்து மறைவது கடவுள் வகுத்த ஒழுங்கு. உயிரோடிருப்போருக்கு அவ்வொழுங்கு இல்லை. யோசேப்பு உயிரோடிருந்தபடியால் தந்தைக்கு ஆறுதல் வரவில்லை என்பது அவர்களின் விடை. ஆதியாகமத்தைப்பற்றிய மிட்ராஷ் உரையிலும், இடைக்கால உரையாசிரியர் ராஷியின் விளக்கத்திலும் இக்கருத்தைக் காணலாம். வரலாற்று ஆய்வு முறையில் இதை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் உறுதியற்ற இழப்பில் ஆறுதல் ஏன் பற்றிக்கொள்வதில்லை என்னும் மனித அனுபவத்தை அவர்கள் கூர்ந்து கண்டிருந்தனர் என்பது தெளிவு.

மூலமொழியில் மற்றொன்றும் கவனிக்கற்பாலது. குழியில் யோசேப்பைக் காணாத ரூபன் பயன்படுத்தும் சொல் 'ஏனென்னூ' என்பது (37:30). 'அவன் இல்லை' என்பதே அதன் நேர்ப்பொருள். உயிரையோ சாவையோ அது குறிப்பிடுவதில்லை. எகிப்தில் சகோதரர் தங்கள் குடும்பத்தைப்பற்றிச் சொல்லும்போதும் (42:13), யாக்கோபு யோசேப்பைக் குறித்துப் புலம்பும்போதும் (42:36) இச்சொல்லே வருகிறது. ஆனால் யூதா பின்னர் அதே கதையை மீண்டும் சொல்லும்போது, தம்பி இறந்தான் என்றே கூறிவிடுகிறான் (44:20). காலம் செல்லச் செல்ல, பதில் கிடைக்காத வினாவை ஊரார் இவ்வாறுதான் முடித்துக்கொள்கின்றனர். தந்தையின் புலம்பலிலோ 'இல்லை' என்ற சொல்லும் ஒலித்தது. எரேமியா கேட்ட ராகேலின் அழுகையிலும் இச்சொல் உண்டு (எரே. 31:15). அவளும் ஆறுதலை மறுக்கிறாள். அதற்காகக் கடவுள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

இந்த வரலாற்றில் ஆயர்கள் அஞ்சவேண்டிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. யாக்கோபைச் சூழ்ந்து நின்று ஆறுதல் சொன்னவர்களில் யோசேப்பை விற்றவர்களும் இருந்தனர். உண்மையை மறைத்துக்கொண்டு சொல்லப்படும் ஆறுதலைக் கடவுள் ஏற்றதாக அதிகாரம் எங்கும் கூறவில்லை. காணாமற்போன ஒருவரைப்பற்றிச் சபைக்குள் எவரேனும் ஏதேனும் அறிந்திருப்பின், அவர் செய்யவேண்டிய முதல் ஊழியம் உண்மையைச் சொல்லுவதேயாகும்.

3. ஓர் ஊரின் இருபத்தேழு ஆண்டுகள்

ஒரு சமுதாயம் இத்தகைய நிலையில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கு நன்கு பதிவான ஒரு நிகழ்ச்சியை இனி நோக்குவோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்பது சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சிற்றூர். 1989 அக்டோபர் 22 இரவு ஜேக்கப் வெட்டர்லிங் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் தம்பியோடும் நண்பனோடும் கடைக்குச் சென்று மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். முகமூடியணிந்த ஒருவன் துப்பாக்கி காட்டி அவனை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற இருவரையும் ஓடச் செய்தான். அவ்விரவுக்குப்பின் ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஜேக்கப் என்னவானான் என்பது எவருக்கும் தெரியவில்லை.

அவ்வூரார் முதலிற் செய்தது தேடுவது. காவல்துறையோடு பொதுமக்களும் வயல்களிலும் காடுகளிலும் தேடினர். தேடியும் கிடைக்காதபோது அவர்கள் அடையாளங்களைத் தெரிந்துகொண்டனர். சிறுவனுக்காக வீட்டு வாசல் விளக்குகளை இரவில் எரியவிடும் வழக்கம் அங்கே பரவியது. விளக்கு எரிவதால் வழக்கு துலங்கிவிடாது என்பது அனைவருக்கும் தெரியும். ஆயினும், 'உங்களோடு நாங்களும் காத்திருக்கிறோம்' என்று ஒரு சொல்லும் பேசாமல் அவ்வீட்டாருக்கு அறிவிக்க அது போதுமானதாயிருந்தது.

தாயாகிய பேட்டி வெட்டர்லிங் தம் துயரைப் பிறருடைய பிள்ளைகளுக்கான உழைப்பாக மாற்றினார். 1990-இல் குடும்பத்தார் சிறுவனின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டை மாநிலங்கள் பேணவேண்டும் என்று பணிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1994-இல் அவன் பெயரைத் தாங்கி இயற்றப்பட்டது. பின்னாளில் இத்தகைய பதிவேடுகள் அளவுமீறி விரிக்கப்பட்டபோது, குறிப்பாகச் சிறார்களையும் அவற்றில் சேர்த்தபோது, அதனை எதிர்த்து எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். தம் துயரத்தைப் பழிவாங்குதலுக்குக் கருவியாக்க அவர் இடங்கொடுக்கவில்லை என்பது நம் மாணவர் சிந்திக்கத்தக்கது.

இதன் மறுபக்கமும் உண்டு. விடை தெரியாத ஊர், விடை ஒன்றை உண்டாக்கிக்கொள்ள விரும்புகிறது. கடத்தல் நடந்த இடத்துக்கு அருகே வாழ்ந்த ஒருவர்மேல் ஐயம் விழுந்தது. 2010-இல் அதிகாரிகள் அவருடைய நிலத்தைத் தோண்டிப் பார்த்தனர். விசாரணைக்குரியவர் என்று வெளிப்படையாக அவரைக் குறிப்பிட்டனர். எதுவும் கிடைக்கவில்லை; ஆனால் அவருடைய நற்பெயர் போயிற்று. 2016 செப்டம்பர் தொடக்கத்தில், வேறொருவன் சிறுவனைப் புதைத்த இடத்தைக் காட்டி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவன் 1989-இல் அதே மாவட்டத்தில் வாழ்ந்தவன். தொடக்க மாதங்களிலேயே விசாரிக்கப்பட்டு விடப்பட்டவன். குற்றமற்ற அண்டைவீட்டாரோ அதுவரை பழியைச் சுமந்தார். 2018-இல் அம்மாவட்டக் காவல்துறைத் தலைவர் வழக்கின் கோப்புகளை வெளியிட்டு, புலனாய்வில் நேர்ந்த தவறுகளைப் பொதுமக்கள்முன் எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்றுக்கொள்வது யாது? ஒரே காத்திருத்தல் ஒரு சமுதாயத்தில் இருவிதக் கனிகளைக் கொடுக்கக்கூடும். வாசலில் விளக்கேற்றிய அதே சூழலில்தான் அண்டைவீட்டார்மேல் ஐயமும் வளர்ந்தது. அன்பும் அச்சமும் ஒரே வேரிலிருந்து எழும்பும்போது, எதற்கு நீர் வார்ப்பது என்று பிரித்தறிவிப்பது அருளுரையாளரின் பொறுப்பாகும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளை, வழக்கு மன்றத்தைப்போலவே தேநீர்க் கடைப் பேச்சுக்கும், கோயில் முற்றத்துப் பேச்சுக்கும் பொருந்தும்.

4. சட்டமும் திருச்சபையின் பழைய மரபும்

ஆயர் வழக்கறிஞராகவேண்டியதில்லை. ஆயினும் சில அடிப்படைகளை அறிந்திருந்தால் அவர் குடும்பத்தைத் தவறான வழியிலிருந்து காக்கலாம். காணாமற்போனவரைப்பற்றிப் புகார் கொடுக்க ஒரு நாள் முழுதும் காத்திருக்கவேண்டும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறு சட்டம் எதுவும் இல்லை. காணாமற்போனது குழந்தையாயின், புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்து, கடத்தப்பட்டதாகவே கருதிப் புலனாய்வு தொடங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று பணித்தது. எவரேனும் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதாக ஐயமிருப்பின், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு அளிக்கலாம்.

ஏழு ஆண்டுகளாக, இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்கள் ஒருவரைப்பற்றி ஒன்றும் கேள்விப்படாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்கவேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் இதுவே 111-ஆம் பிரிவு. இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஏழு ஆண்டு கழிந்ததால் இறந்தார் என்று அனுமானிக்கலாமேயன்றி, எந்நாளில் இறந்தார் என்று அனுமானிக்க இயலாது என 2004-இல் ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, காணாமற்போன நாளோடு காப்பீட்டுத் தவணையை நிறுத்திவிடும் குடும்பம் பின்னர் உரிமைத்தொகையை இழக்க நேரலாம். இதை முதல் மாதத்திலேயே சொல்லுவதற்கு ஒருவர் வேண்டும். மத்திய அரசு ஊழியர் காணாமற்போனால், காவல்துறையில் புகார் பதிவாகி ஆறு மாதம் கழிந்தபின், உரிய உறுதிப்பத்திரங்களோடு குடும்ப ஓய்வூதியம் கோர வழியுண்டு. இலங்கையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், ஒருவர் இறந்தார் என்று அறிவிக்காமல், காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு இடமளித்தது. மரணச் சான்றிதழைப் பெற மனமில்லாத குடும்பங்களும் இதனால் பிற அலுவல்களை நடத்த வழி உண்டாயிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைச் சட்டமே ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது என்பது திருச்சபைக்கு ஒரு பாடமாகும்.

மறுமணம்பற்றிய வினாவும் எழும். 2001-இல் திருத்தப்பட்ட இந்திய மணமுறிவுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகக் கேள்விப்படாத துணைவரிடமிருந்து கிறிஸ்தவர் நீதிமன்றத்தின் வழியாக மணமுறிவு பெறலாம். திருச்சபையின் மனச்சான்றை இவ்வினா பழங்காலந்தொட்டே வருத்தியிருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு, கணவனின் மரணம் உறுதியாகுமுன் வேறொருவனோடு வாழ்பவளைக் கடுமையாகத் தீர்த்தார். ஆயினும் போருக்குச் சென்று திரும்பாத வீரரின் மனைவியருக்கு மட்டும் இரக்கம் காட்டவேண்டுமென்று எழுதினார். ஹூணர் படையெடுப்பில் சிறைப்பட்டவர்கள் இறந்தார்களென்று எண்ணி மறுமணம் செய்த பெண்களைப்பற்றி, அக்விலேயா பேராயருக்கு 458-இல் மடல் எழுதிய ரோமப் பேராயர் லேயோ, கணவர் திரும்பினால் முதல் மணத்தை மீட்கவேண்டும் என்றார். ஆனால் இடையில் மணந்தவனைக் குற்றவாளியாகக் கருதக்கூடாது என்றும் சொன்னார். யூத மறைநூலறிஞரும், பெண் என்றென்றும் கட்டுண்டு கிடக்காதபடி, கணவனின் மரணத்துக்கு ஒரே சாட்சி போதும் என்று இவ்விடத்தில் மட்டும் விதியைத் தளர்த்தினர். அவர்கள் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆனால் அறியாமையில் வாழ நேர்ந்தவர்மேல் அறிந்து செய்த பாவத்துக்குரிய தீர்ப்பைச் சுமத்தல் ஆகாது என்னும் உணர்வு எல்லாரிடமும் படிப்படியாகத் தோன்றுவதைக் காண்கிறோம்.

5. எப்பட்டியலில் அவர் பெயரை வைப்பது?

சீர்திருத்தச் சபைகளாகிய நமக்கு வழிபாட்டில் ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. நாம் உயிரோடிருப்போருக்காக மன்றாடுகிறோம். இறந்தோருக்காகப் பொதுவாக மன்றாடுவதில்லை, அவர்களுக்காக நன்றி கூறுகிறோம். காணாமற்போனவரின் பெயரை ஆயர் எங்கே சொல்லுவார்? மன்றாட்டில் தொடர்ந்து சொன்னால் உயிரோடிருக்கிறார் என்று உறுதி கூறியதாகுமோ என அஞ்சுகிறார்; நன்றிகூறலில் சொன்னால் இறந்தார் என்று அறிவித்ததாகும். நாளடைவில் எப்பட்டியலிலும் இல்லாமல் அப்பெயர் விடுபட்டுப்போகிறது. வீட்டிலிருந்து ஒருமுறை காணாமற்போனவர் கோயிலிலிருந்து மறுமுறையும் காணாமற்போகிறார்.

இச்சிக்கலுக்குத் திருத்தூதர் பவுலின் சொற்களில் விடை இருக்கிறது எனக் கருதுகிறோம். நாம் பிழைத்தாலும் மரித்தாலும் கர்த்தருடையவர்கள் என்றும், மரித்தோர்மேலும் ஜீவனுள்ளோர்மேலும் ஆண்டவராயிருக்கும்படிக்கே கிறிஸ்து மரித்து உயிர்த்தார் என்றும் அவர் உரோமருக்கு எழுதுகிறார் (ரோமர் 14:8, 9). காணாமற்போனவர் இவ்விரு கூட்டத்தாரில் எதில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் எக்கூட்டத்தில் இருந்தாலும் அதன் ஆண்டவர் ஒருவரே. ஆகவே, 'ஆண்டவரே, இவர் எங்கிருக்கிறார் என்பதை நீர் அறிவீர். உம் கரத்தில் இவரை ஒப்படைக்கிறோம்' என்று மன்றாடும் சபை, அறியாததை அறிந்ததாகக் கூறவுமில்லை, இறந்தோருக்கான மன்றாட்டைப்பற்றிய நம் கோட்பாட்டை மீறவுமில்லை. மார்ட்டின் லூத்தரே 1528-இல், இறந்தோரைப்பற்றி மறைநூல் தெளிவாகக் கூறாதபடியால், இவ்வான்மா இரக்கம் பெறக்கூடிய நிலையிலிருப்பின் இரங்கும் என்று நிபந்தனையோடு ஓரிருமுறை மன்றாடுவது பாவமன்று என எழுதினார். தெரியாததைத் தெரியாததாகவே கடவுள்முன் வைப்பதற்கு நம் மரபில் இடமுண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அருளுரையிலும் எச்சரிக்கை வேண்டும். லூக்கா 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, காணாமற்போன ஆடு கிடைத்ததுபோல உங்கள் மகனும் கிடைப்பான் என்று கூறுவது எளிது. அது அவ்வுவமையின் பொருளன்று. பாவியைத் தேடும் கடவுளின் இயல்பையே அது கூறுகிறது. தேடுகிற கடவுள் என்னும் அவ்வறிவு அக்குடும்பத்துக்கு உண்மையான ஆதரவாகும். ஆனால் மகன் திரும்பும் நாளை அது குறித்துக் கொடுப்பதில்லை. எதுவரைக்கும் என்று நான்குமுறை கேட்கும் 13-ஆம் சங்கீதமும், வெளிச்சம் தோன்றாமலேயே முடியும் 88-ஆம் சங்கீதமும் இக்குடும்பத்தாருக்குத் தங்கள் சொந்த மொழியைக் கொடுக்கும்.

6. சபை செய்யத்தக்கவை

இதுவரை கண்டவற்றை அன்றாட ஊழியத்துக்குப் பொருத்திச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

பொய்யான வெளிப்பாடுகளிலிருந்து குடும்பத்தைக் காத்தல் வேண்டும். துயருற்ற வீட்டாரைக் குறி சொல்பவரிடமும், மை போட்டுப் பார்ப்பவரிடமும் அழைத்துச் செல்ல உறவினர் முன்வருவர். அதைக் கண்டிக்கும் நம் சபையாரிலேயே சிலர், 'தரிசனத்தில் கண்டேன், வடக்கே உயிரோடிருக்கிறார்' என்று ஜெபக்கூட்டத்தில் அறிவிப்பதுண்டு. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்போரை எசேக்கியேல் கண்டித்ததை (எசே. 13:6, 7) ஆயர் அஞ்சாமல் எடுத்துக்காட்டவேண்டும். ஒவ்வொரு பொய்த் தரிசனத்துக்கும் பின்னால் ஒரு நெடும் பயணமும், வாங்கிய கடனும், மீண்டும் உடைந்த உள்ளமும் உண்டு.

குடும்பத்தினின்று விலகாதிருத்தல் வேண்டும். முதல் வாரத்தில் வீடு நிரம்பியிருக்கும். மூன்றாம் ஆண்டில் வாசலில் எவரும் இரார். என்ன பேசுவதென்று தெரியாமையே நம்மைத் தடுக்கிறது. புதிதாக எதுவும் பேசவேண்டுவதில்லை. அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தாலே போதும். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் சபை ஊழியரும் முறைவைத்துச் சென்றுவரலாம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது உடன் செல்ல ஒருவரைச் சபைக்குழு குறிப்பிடலாம். மனைவியை நன்மையான காரியங்களிலிருந்து விலக்கிவைக்கும் வழக்கத்துக்குக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இடங்கொடுத்தல் ஆகாது.

காணாமற்போன நாளை ஆண்டுதோறும் நினைவுகூரலாம். இது இரங்கற்கூட்டமாக இருத்தல் ஆகாது. படத்துக்கு மாலையிடாமல், அவர் பெயரைச் சொல்லி, ஒரு புலம்பல் சங்கீதத்தை வாசித்து, சற்றே மௌனமாயிருந்து, மேற்கூறிய முறையில் ஒப்படைத்து மன்றாடி, ஒரு விளக்கை ஏற்றிவைப்பது போதுமானது. எதையும் செய்யுமுன் வீட்டாரின் இசைவைப் பெறவேண்டும்; வீட்டாருக்குள் கருத்து வேறுபாடு இருப்பின் இருசாராரையும் கேட்கவேண்டும். சபைக் குடும்பப் பதிவேட்டில் அவர் பெயரை அடிக்காமல், 'செய்தி இல்லை' என்று தேதியோடு குறித்துவைக்கலாம்.

வதந்தியைச் சபை தடுக்கவேண்டும். கடன் தொல்லையால் ஓடினார், வேறு பெண்ணோடு போனார், வீட்டாரே ஏதோ செய்தனர் என்னும் பேச்சுகள் எழும். மெய்ச்செய்தி அறிந்தவர் அதைக் காவல்துறையிடம் கூறும்படி ஆயர் வெளிப்படையாக வேண்டிக்கொள்ளலாம். ஐயத்தை மட்டும் வைத்திருப்பவர் வாயைக் காக்கும்படியும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

கடைசியாக, திரும்பிவருதலுக்கும் சபை ஆயத்தமாயிருக்கவேண்டும். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று கேட்டபோது யாக்கோபின் இருதயம் மரத்துப்போயிற்று, அவன் நம்பவில்லை (ஆதி. 45:26). செயின்ட் ஜோசப்பில் 27 ஆண்டுகளுக்குப்பின் வந்த விடை மரணச் செய்தியாயிருந்தது; அன்றுதான் அக்குடும்பத்தின் அடக்கத் துக்கம் தொடங்கிற்று. நற்செய்தியாயினும் துயரச் செய்தியாயினும், விடை வந்த நாளோடு ஊழியம் முடிந்துவிடுவதில்லை.

பல குடும்பங்களுக்கு இவ்வுலகில் விடை வராமலே போகலாம். அதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ளும் திருச்சபையே அவர்களுக்கு நம்பகமான துணையாகும். விடை தெரிந்தவர்போல் நடிக்காமல் அருகில் அமர்ந்திருப்பதும், ஊர் மறந்துவிட்ட பெயரை ஞாயிறுதோறும் ஆண்டவர்முன் மறவாமல் சொல்லுவதும் பெரிய செயல்களாகத் தோன்றா. ஆனால் காணாமற்போன ஒருவருக்காகத் திருச்சபை செய்யக்கூடியவற்றுள் இவற்றினும் உண்மையானது வேறில்லை. நம் சேகரங்களில் இத்தகைய குடும்பம் ஒன்று இருக்குமாயின், வருகிற ஞாயிறு மன்றாட்டில் அப்பெயர் இடம்பெறுகிறதா என்று ஆயர்கள் பார்த்துக்கொள்வார்களாக.